வடக்குச் சுவர்

நஸ்ரின் முழுக்க முழுக்கக் கற்பனையாக எழுதிய கதையில் தகவல் பிழை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை நாலு மணி. சைனிக்புரியில் காலையிலிருந்து விடாத மழை. வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் நிறுவன வேலை, மீதி இரண்டு நாள் வலைப்பூ என்று அவள் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. பழைய கொலை வழக்குகள், படித்த புத்தகங்கள், யாருக்கும் உதவாத துணுக்குகள். ஆறு வருடத்தில் ஒரு நாற்பது வாசகர்கள் தேறியிருந்தார்கள். போன வாரம்தான் முதல்முறையாக ஒரு கதை எழுதிப் போட்டாள். தனியாகக் குடிவந்த அக்ஷதா என்ற பெண்ணை வீட்டுக்காரர்களே கொன்று மறைத்துவிடும் கதை. அறையைப் புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, தான் குடியிருக்கும் இந்த மாடி அறையையே அப்படியே எழுதிவிட்டாள். கிழக்கே ஒரே ஜன்னல், சிவப்புத் தரை, வடக்குச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ.

அதற்குத்தான் பெயரில்லாத ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார்.

'ஜன்னல் ஒன்று அல்ல, இரண்டு. வடக்கே இருந்ததைப் பிறகு அடைத்துவிட்டார்கள்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'இது கற்பனைதான். வாசித்ததற்கு நன்றி' என்று பதில் எழுதிவிட்டு டீ போடப் போனாள். பால் பொங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

'பெயரும் அக்ஷதா இல்லை.'

அடுப்பை அணைத்துவிட்டு பீரோவைப் பார்த்தாள். வீட்டோடு வந்த பீரோ. குடிவந்து பதினாலு மாதத்தில் ஒருமுறைகூட அவள் அதை நகர்த்தியதில்லை. ஜன்னல் கம்பியில் தெறித்த மழையின் சத்தத்துக்கும் மின்விசிறியின் கிறீச்சுக்கும் நடுவே நின்று மூச்சை இழுத்தபோது, ஈரச் சுண்ணாம்பு வாசனையும், அதற்கும் அடியில், பல வருடம் பெட்டிக்குள் மடித்தே கிடந்த துணியின் புளித்த வாடையும் மெல்ல எழுந்து வந்தன. இத்தனை நாளும் அதை மழைக்கால வாசனை என்றுதான் நினைத்திருந்தாள்.

அமீர்பேட்டில் கணினி வகுப்பு நடத்தும் சலீமுக்குப் போன் செய்தாள். அவளுடைய சொந்த ஊரான காயல்பட்டினத்துக்காரர்; ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் 'காக்கா' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். வலைப்பூவை அமைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

"எவனோ விளையாடுறான் புள்ள. கமெண்ட் எந்த நெட்லேர்ந்து வந்திருக்குன்னு பாத்தியா?"

பார்த்தாள். ஒரு வரிசை எண்கள். அதற்கு மேலே அவளே எழுதிய பதிலுக்கும் அதே எண்கள்தான்.

"காக்கா, இது இந்த வீட்டு வைஃபை."

"கீழ வீட்டுக்காரங்களுக்கும் அதானே?"

"ஆமா. ரவுட்டரே அவங்க வீட்டுலதான் இருக்கு."

"அப்ப அவங்கதான். சிரிச்சிக்கிட்டே போய்க் கேளு. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

கீழே ராமசுவாமி, பாதுகாப்புத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். அவர் மனைவி விஜயகுமாரி கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வா, நஸ்ரின்மா. சாய் குடிக்கிறியா? நக்கோ, வேணாம்னு சொல்லாதே."

"இப்பத்தான் போட்டேன், ஆன்ட்டி. உங்க வைஃபைய வேற யாராச்சும் யூஸ் பண்றாங்களா?"

"கைக்கு, எதுக்கு கேக்குறே? இங்க யாரும்மா இருக்கா?" அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "அந்த ஜன்னல அடைச்சே பத்தொம்பது வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

நஸ்ரின் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எந்த ஜன்னல், ஆன்ட்டி?"

விஜயகுமாரி புன்னகை மாறாமல் அவள் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தார். "அய்யோ, சார்ஜே இல்லியேம்மா. இங்க போட்டு வைக்கிறேன். நீ மேலே போ."

போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். நஸ்ரின் போனில்லாமலே படிப்பக்கம் திரும்பினாள். கட்டிலிலிருந்து ராமசுவாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்காமல். இவர்கள் என் கதையைப் படித்திருக்கிறார்கள். படியேறும்போது அவளுக்கு அது மட்டும்தான் மனதில் ஓடியது. பயமுறுத்துகிறார்கள். காலி பண்ண வைக்கப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

மடிக்கணினித் திரையில் புதிதாக ஒரு வரி.

'நீ அவர்களிடம் கேட்டிருக்கக் கூடாது.'

ஒரு நிமிடத்துக்கு முன்பு வந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்பு அவர்கள் இருவரும் அவள் கண்ணெதிரில் இருந்தார்கள்.

பீரோவின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அதன் கால்கள் சிவப்புத் தரையைக் கீறிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தன. இன்னொரு முழம். பின்னால் சுவரில், சுற்றிலும் பூச்சு வெளுத்துக் காய்ந்திருக்க, நடுவே மட்டும் இருட்டாக ஒரு நீள்சதுரம் தெரிந்தது. ஜன்னல் அளவுக்கு. அந்த ஈரத்துக்குள் இன்னும் கறுப்பாக வேறோர் ஈரம். மேலே, சாய்த்து வைத்தாற்போல் ஒரு நெற்றி. கீழே இரண்டு உள்ளங்கைகள். அவளுடையதைவிடச் சின்னக் கைகள்.

நீர்க்கசிவு. வெறும் நீர்க்கசிவு.

தொட்டாள். சுவர் சில்லென்றிருந்தது. கைகள் இருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விஜயகுமாரியின் ரப்பர் செருப்பு. அதற்குப் பின்னால் இன்னொரு காலடி. கனமாக. நிதானமாக. ஒரு படியிலும் தடுமாறவில்லை.

இரண்டு வருடமாக எழாத கால்கள்.

கதவுக்கு ஓடினாள். அவள் கை படுவதற்குள் வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"நஸ்ரின்மா? உள்ளதானே இருக்கே?"

அன்பான குரல். தினமும் கேட்கிற குரல். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஜைமேல் திரை மினுங்கியது.

'என்னிடமும் இதையேதான் கேட்டார்கள்.'

அதோடு இணையம் நின்றுபோனது.

"ஆன்ட்டி, கதவத் தெறங்க! ஆன்ட்டி!"

வாசலில் கனமான இரும்புச் சட்டி ஒன்றை இறக்கி வைக்கும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். மணலோடு எதையோ குழைக்கும் கொத்தனார் கரண்டி. சர்ரக். சர்ரக். அவசரமே இல்லாமல்.

கிழக்கு ஜன்னலில் கத்தினாள். மழை அவள் குரலை விழுங்கியது. தெருவில் ஒருவரும் இல்லை. கம்பிகள் அசையவில்லை.

முதுகுக்குப் பின்னால் சுவர் உரசியது.

மெதுவாகத் திரும்பினாள்.

ஈரச் சதுரத்துக்குள் அந்த நெற்றி இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து ஒரு கை. பிறகு மற்றொரு கை. பூச்சுக்கு உள்ளே, நெருக்கியடித்து, விரல் விரலாக நகர்ந்து, ஓரத்தோடு ஓரமாக ஒட்டிக்கொண்டது அந்த உருவம்.

அதன் பக்கத்தில் ஒரு வெற்றிடம். காய்ந்து, வெளுத்து.

சரியாக ஓர் ஆள் நிற்கிற அகலம்.