நீலவேங்கையின் பெயர் அழைப்பு

விடிந்ததும் காப்பித் தம்ளரோடு மேல்தளத்தில் வந்து நிற்க வேண்டும். ரொசாலி மச்சாதுவுக்கு இந்த வயதில் உத்தியோகம் அதுதான். தூத்துக்குடித் துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில் கிடந்த ‘நீலவேங்கை’ கனைத்துக்கொண்டு தன் பணி வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்.

“பூமியில் எண்ணெய் தீர்ந்த பின் கட்டிய பாய்மரப் போர்க்கப்பல் நான். முதல் போரில் வென்றேன். அடுத்ததில் பாய்மரம் முறிந்து பிடிபட்டேன். எதிரி எனக்கு வேறு பெயர் வைத்தான். மீட்கப்பட்டேன். பிறகு கைதிகளுக்குச் சிறையானேன், கொள்ளைநோய்க்கு ஆஸ்பத்திரியானேன்.”

“பிடிபட்டதக்கூட விட மாட்டியா?” என்று ரொசாலி சீண்டுவாள்.

“கலமனம் பொய் சொல்லாது, ரொசாலி.”

கலமனம் என்பது கப்பலை ஓட்டும் சிந்தனைப்பொறி. மாலுமிகள் அதையும் தங்களில் ஒருவராகத்தான் நினைத்தார்கள். அதனால் சட்டமே அப்படி அமைந்துவிட்டது. காலையில் கப்பல் தன் ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கும். அழைத்த பெயருக்கு ஒரே ஒரு ‘உள்ளேன்’ வந்தால்கூடப் போதும், கப்பலை உடைக்கக் கூடாது. ஒருவரும் பதில் சொல்லாத அன்று கதை முடிந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அலைச்சத்தம்தான் கேட்கும். எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கடைசியாக, கப்பலுக்குப் பாய் தைத்த ரொசாலியின் முறை வரும். அவள் ‘உள்ளேன்’ என்பாள். பிறகு நாள் முழுக்க அவளும் கப்பலும் மட்டுந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஓசூரிலிருந்து மகள் ஸ்டெல்லா பேசினாள்.

“எம்மா, நான் வயித்துப் பிள்ளையோட தனியாக் கெடக்கேன். நீங்க மரக்கட்டைக்குக் காவல் இருக்கீய. அப்பா சாவும்போதும் அங்கதான் இருந்தீய.”

“நான் வந்தா இத ஒடச்சிருவாவ பிள்ள.”

“அப்ப நான் ஒடஞ்சா பரவாயில்லையா?”

கப்பலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“போயிட்டு வாயேன்” என்றது.

“வரும்போது நீ இருக்கணுமே!”

மறுநாள் காலை வரலாற்றில் ஒரு சொல்லும் குறையவில்லை. பெயர்கள் வரிசையாக வந்தன. அருளானந்தத்துக்கு அடுத்தது தன் பெயர்தான் என்று ரொசாலி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“பெயர் அழைப்பு முடிந்தது” என்றது கப்பல்.

“ஏய், என் பேர விட்டுட்டியே! உள்ளேன்! உள்ளேன்!”

அழைக்காத பெயருக்குப் பதில் சொல்லி என்ன பயன்? துறைமுகச் சங்கு ஊதியது. கொடி இறங்கியது.

“பொய் சொல்ல மாட்டேன்னியே, பாவி!”

“பொய் எங்கே சொன்னேன்? பேரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிள்ளையிடம் போ, ரொசாலி.”

அதன் பிறகு அவள் எத்தனை முறை கத்தியும் கப்பலிடமிருந்து குரல் வரவில்லை. அவளை இறக்கிவிடப் படகு வந்தது. ஏறி உட்கார்ந்தவள் வாய்விட்டு அழுதாள். மகள் அம்மா என்பாள், பிறக்கப்போவது ஆச்சி என்னும். ரொசாலி என்று கூப்பிட இனி இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.