கண்ணாடியின் உள்பக்கம்

மூன்றாவது படத்தின் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஒரு மங்கல். டாக்டர் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது, மங்கல் உள்பக்கம்.

அறையில் புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளைச் சுவரில் ஆறு படங்கள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, நடுவே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் சுருள் சுருளான வளையங்கள். மைக்ராஸ்கோப்பில் எடுத்த நுரையீரல் துணுக்குகள். மாட்டியது லேப் டெக்னீஷியன். மனைவி போனதிலிருந்து வாயே திறக்காதவன் ஆசையாகக் கேட்கிறானே என்று டாக்டரும் விட்டுவிட்டார். காலையில் வந்த நோயாளி ஒருத்தி, "தாமரைக் குளத்தையே சுவத்துல மாட்டிட்டீங்களே டாக்டர்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான்காவது கண்ணாடியும் மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

டெக்னீஷியனைக் கூப்பிட்டார். அவன் வாசலிலேயே நின்றான்.

"ஏம்பா, இதெல்லாம் யாரோடது?"

"கல்லரைக்கிற ஆலையில வேல பாத்தவங்க சார். செத்தப்புறம் எடுத்தது. தூசியால செத்தாங்களான்னு கேட்டு உங்களுக்குத்தான் வந்துச்சு."

"நான் பாத்த ஞாபகமே இல்லையே."

"எங்க பாத்தீங்க? உங்களக் கூட்டிட்டுப் போக ஆலை ஜீப் வெளிய நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் காசநோய்னு கையெழுத்து போட்டீங்க. முதல் ஸ்லைடை ரெண்டு நாள் மைக்ராஸ்கோப்புல வச்சே காத்திருந்தேன். அதப் பாத்திருந்தா மத்த அஞ்சு பேரும் வேலைய விட்டிருப்பாங்க."

டாக்டர் கடைசிப் படத்தைப் பார்த்தார். "அது?"

"என் வீட்டுக்காரி." மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னான். "இப்ப நிதானமா பாருங்க சார்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து உடைத்த கல்லின் வறண்ட வாடை மெல்ல எழும்பியது. சல்லடையில் மணல் சலிப்பதுபோல் ஓர் இழுப்பு முதல் படத்தில் தொடங்கி, அடுத்ததற்குத் தாவி, சுவர் நெடுகப் பரவி, ஆறிலும் ஒன்றாக நின்றது.

பிறகு ஆறும் சேர்ந்து இழுத்தன.

டாக்டர் மூச்சை விடவில்லை. அது தானாகப் போனது. கதவுப் பக்கம் திரும்பினார். இன்னோர் இழுப்பு. விலா எலும்புகள் உள்ளே ஒடுங்கின. கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பல்லிடுக்கில் கல்தூள் நறநறத்தது.

கடைசிப் படத்தில் சுருள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. இளஞ்சிவப்புக் காற்றறைகள் விரிந்தன.

அவள் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள்.