செழியனின் டி டிரைவ்

அழித்த டி டிரைவ் மறுபடி வந்து நின்றது.

பிராங்க்ளின் கண்ணைக் கசக்கிக்கொண்டான். லினக்ஸ் போடுமுன் ஹார்டு டிஸ்கில் பழைய பிரிவுகளை அழிக்க வேண்டும். சி போய்விட்டது. டி போகவில்லை, சி இருந்த இடத்தில் பாதியை விழுங்கி, முன்னைவிடப் பெரிதாக நின்றது. பக்கத்தில் செழியன் பெயர்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் இந்தக் கடையில் செழியன் பாதிப் பங்குக்காரன். இரவு வேலைக்குத் தங்குகிறவனை உள்ளே வைத்து, திருட்டுக்குப் பயந்து வெளியே பூட்டிப் போவது இருவருக்கும் வழக்கம். போன மாதம் யுபிஎஸ் பேட்டரி புகைந்த இரவில், மறந்த பர்ஸை எடுக்கத் திரும்பிய பிராங்க்ளின் ஷட்டருக்கு வெளியே சாவியோடு நின்றான். உள்ளிருந்து செழியன் தட்டினான்.

"ஏலே பிராங்கு, ஒன் காலு தெரியுதுலே! தொறடா!"

கடை முழுசும் இனித் தனக்கு என்று பிராங்க்ளின் நினைத்தான். தட்டல் ஓய்ந்த பிறகே திறந்தான். புகையில் ஆள் போனான், கம்ப்யூட்டர் தப்பியது. அதில் மைக் செருகியிருந்தது.

இன்று மத்தியானம் செழியன் மனைவி மகேஸ்வரி வந்தாள்.

"அண்ணே, பாப்பா பேசுறத அதுலதான் பதிஞ்சு வச்சிருந்தாரு. அந்த டிஸ்கக் குடுங்க."

"எல்லாம் வீணாப் போச்சும்மா."

"எல்லாம் போச்சுன்னா பூட்டு மட்டும் எப்படிப் புதுசாட்டம் தொங்குது? நாளைக்கு எங்கண்ணனோட வாரேன். கழட்டி வைங்க."

அவள் வருமுன் அழிந்தாக வேண்டும். அன்றைய தட்டலும் தன் பெயரும் அதில் பதிந்திருந்தால் தூக்குதான்.

மறுபடி அழித்தான். இப்போது டிஸ்க் முழுக்க டி.

வெளியே சாயங்கால மழை பிடித்துக்கொள்ள, ஈரக் காற்றில் ஏறி வந்த தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்துக்கு அடியில் இன்னொரு நெடி, பேட்டரி ஆசிட்டின் புளித்த நெடி, மூக்கைத் தொட்டுத் தொண்டைக்கு இறங்கியது. டிஸ்க்குக்குள் டக், டக் என்றது. ஊசி நகரும் சத்தம் இல்லை. இரும்புத் தகட்டில் விரல் மொளி படும் சத்தம்.

கரண்ட் போனது. சத்தம் போகவில்லை.

ஷட்டர் தடதடவென்று இறங்கியது. வெளியே பூட்டு விழுந்தது. பையைத் தடவினான். சாவி இல்லை.

புகை.

"யாரு? தொறங்க!"

தட்டினான். குத்தினான். தரையில் கவிழ்ந்தான். ஷட்டருக்கு அடியில் விரற்கடை வெளிச்சம்.

அதில் இரண்டு வெறுங்கால்கள். கரி படிந்தவை. மழை கொட்டியும் கரி கரையவில்லை.

அசையவில்லை. கேட்டுக்கொண்டு நின்றன.