குன்வோரின் களிம்பு

காலை எட்டு மணி. குளிர்பெட்டியைத் திறந்த குன்வோர் போட்ட கூச்சலில் உப்சாலா நகரத்து மருந்து ஆய்வகமே கூடிவிட்டது. ஆறு வருஷம் பாடுபட்டு அவள் செய்த களிம்பு, இருந்த ஒரே டப்பாவோடு மாயம்!

அரை மணியில் இன்ஸ்பெக்டர் சிக்னே கைகளைச் சொறிந்துகொண்டே வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பல வருஷக் கரப்பான். திருடன் சிக்குகிறானோ இல்லையோ, நல்ல மருந்தாவது சிக்காதா என்று ஒரு நப்பாசை.

"அப்படி என்ன இருக்கு அந்தக் களிம்புல?"

"இங்க என்கூட வேலை பாக்கற ரூனேவோட பழைய கிரீம்ல இருக்கிற அதே ஸ்டீராய்டு, அதே அளவு," என்றாள் குன்வோர். "ஆனா அவனோடதுல மருந்து தோலுக்கு மேலேயே உக்காந்துக்குது. நான் சேர்மானத்தை மாத்தி உள்ள போக வெச்சேன். தடவிட்டுச் சில மணி நேரம் கழிச்சுப் பாத்தா அந்த இடம் வெளுத்துப் போயிருக்கும். வெளுக்க வெளுக்க மருந்து நல்லா உள்ள போயிருக்குன்னு அர்த்தம். இன்னிக்கு அந்தச் சோதனைதான்."

முதலாளி டோர்ஸ்டன் குறுக்கே புகுந்தார். "சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் காட்டலைன்னா இந்த வேலைய நிறுத்திடுவேன். எத்தனை தடவைதான் தவணை குடுக்கறது?"

குன்வோரின் கண் கலங்கியது.

"அவளே ஒளிச்சு வெச்சிருப்பா, தோத்துடுவோம்னு பயம்," என்றான் ரூனே. "நான் அந்த டப்பாவைத் திறந்ததுகூட இல்ல. இன்ஸ்பெக்டர், உங்க கைக்கு என் கிரீமே போதும்." சொன்னவன் தன் டப்பாவைத் திறந்தான். முதலில் தன் இடது புறங்கையில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

"உங்களுக்குமா கரப்பான்?"

"அது எங்க தொழில் வியாதி!" அழுகைக்கு நடுவிலும் குன்வோருக்குச் சிரிப்பு வந்தது. "எந்த டப்பாவைத் திறந்தாலும் கையில தடவாம இருக்க முடியாது. நம்ம சரக்கு இடது கை, அடுத்தவங்க சரக்கு வலது கை. அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

சிக்னே இரண்டு கைகளிலும் கிரீமைத் தடவிக்கொண்டு தேடினாள். மேஜை, அலமாரி, குப்பைத்தொட்டி எதையும் விடவில்லை. ஒன்றும் அகப்படவில்லை.

மதியம் சிங்கி இறால் விருந்து. ஆகஸ்டு வந்தால் அந்த ஊரில் இது வருஷா வருஷம் நடக்கிற கொண்டாட்டமாயிற்றே, திருட்டுப் போனது என்பதற்காக அதைத் தள்ளிப்போடுவார்களா என்ன! காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பாட்டுப் பாடித் தின்று தீர்த்தார்கள். சிக்னேவின் தலையிலும் ஒரு தொப்பி ஏறியது. ஐஸ் நிரப்பிய வாளியில் கைவிட்டு இரண்டு பாட்டில் சோடாவும் எடுத்துக் குடித்தாள்.

மூன்று மணிக்குக் கழுவுதொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கழுவிய கையெல்லாம் தின்ற இறாலைப் போலவே சிவந்திருந்தது. சிக்னே சட்டென்று நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கையைக் கவிழ்த்து நீட்டுங்க!"

நீட்டினார்கள். ரூனேவின் வலது புறங்கையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"காலையில என் கிரீமைத் தடவினேனே! நீங்களே பாத்தீங்களே!"

"பாத்தேன். இடது கையில. அது என் கை மாதிரியே செக்கச்செவேல்னு இருக்கு. வலது கையில எந்த ‘அடுத்தவங்க சரக்கு’ ரூனே?"

ரூனேவின் தொப்பி சரிந்தது. "காலையிலேயே திறந்து தடவிட்டேன். நெய்யா வழுக்கிட்டுப் போச்சு. இனி என் கிரீமை யார் சீந்துவாங்கன்னு வயிறு எரிஞ்சுது... சோடா வாளியில ஐஸுக்கு அடியில இருக்கு."

"அடப்பாவி! நான் கைவிட்ட வாளி!" சிக்னே தலையில் அடித்துக்கொண்டாள்.

டோர்ஸ்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரூனேவின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "திருடினவன் கையே சாட்சி சொல்லுது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? குன்வோர், வேலைய நிறுத்த வேண்டாம். நீ பாத்துக்கோ. இவனை நான் பாத்துக்கறேன்."

"அந்தக் கையை அப்படியே வெச்சிருடா," என்றாள் குன்வோர். "போட்டோ எடுக்கணும்."

வாளியிலிருந்து எடுத்த டப்பாவைத் திறந்து அவள் சிக்னேவிடம் நீட்டினாள். சிக்னே ஒரு விரல் எடுத்தாள். யோசிக்கவே இல்லை, இடது கையில் தடவிக்கொண்டாள்.