பதினேழாம் எண்ணுக்குரியவன்

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தின் பக்கவாசலுக்கு ஓடிவந்தவள், அங்கே ஒதுங்கி நின்றவன்மேல் நேராக மோதினாள். அவன் அசையவில்லை. அவள்தான் இரண்டடி பின்னால் போனாள்.

"என்னைக் கவனிக்காம மோதறது ரொம்பக் கஷ்டம். நீங்க சாதிச்சுட்டீங்க" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கண்கள்... மழைத்துளி தொங்கும் இமைகளுக்குள் எத்தனை குறும்பு...

பள்ளியில் பூகோளம் நடத்துகிறானாம். பிள்ளைகள் வைத்த பெயர் 'உலக உருண்டை'. அதையும் அவனே சொன்னான்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"கொழுப்புலேருந்து ஸ்டெம் செல்லைப் பிரிச்சு வளர்க்கிறேன். உடம்பு பருத்து, ரத்தத்துல கொழுப்பு ஏறினவங்களுக்கு அதையே திரும்பச் செலுத்தினா குறையுமான்னு பார்க்கிறோம்."

"குறையுமா?"

"இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு பாடு."

அந்த நேர்மை அவனுக்குப் பிடித்துப்போனது. "அப்போ இந்த ஆய்வுக்காக என் வயித்துலேருந்து எடுத்ததை வளர்க்கிறது நீங்கதானா? நான் பதினேழாம் நம்பர்."

அவள் முகம் மாறியது. பதினேழு... மூன்று வாரமாக நுண்ணோக்கியில் தினமும் முதலில் அவள் தேடிப்பார்க்கும் செல்கள். மற்றவை சுணங்கியபோதும் தட்டு நிறையப் பரவியவை. அவை யாருடையவை என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனம் ஒருபக்கம் சாயும்.

"நீங்க சொல்லியிருக்கக் கூடாது சார். டாக்டர்கிட்ட நான் இதைச் சொல்லியாகணும்."

"பேச்சுவாக்குல வந்தது..."

"இருந்தாலும் சொல்லியாகணும்."

அவன் கண்களில் குறும்பு அணைந்தது. "எங்கப்பாவுக்கும் இதே கொழுப்புதான். நாற்பது வயசுல மாரடைப்புல போயிட்டாரு. எனக்கு இப்போ முப்பத்தி மூணு. இந்த ஆய்வுல எங்கக்கா நடையா நடந்து வாங்கிக் கொடுத்த இடம், நீங்க சொன்னா போயிடும். உங்க நேர்மைக்கு நான்தான் கிடைச்சேனா?"

பதிலுக்குக் காத்திராமல் மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

அவள் சொல்லியே தீர்த்தாள். தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணு அவர் விலகணும். இல்ல, நீ விலகணும்மா."

இந்த வேலைக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். ஆனால் நாற்பது என்ற அந்த வயது காதுக்குள்ளேயே நின்றது.

"நான் விலகிக்கறேன் டாக்டர்."

மறுநாளே மூன்றாம் மாடியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்கக் குழாய்களும் சீட்டுகளும். நடுநடுவே, கோபித்துக்கொண்டு மழைக்குள் போன அந்த முதுகு...

பத்தாம் நாள் அவன் வாசலில் வந்து நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"மாடிப்படி ஏறியா வந்தீங்க? லிஃப்ட் இருக்கே."

"அவசரத்துல கண்ணுல படல." மூச்சு வாங்கியது. "டாக்டர் இப்பதான் சொன்னாரு. யாரோ ஒருத்தனுக்காக எதுக்கு இதெல்லாம்?"

"யாரோன்னு நினைக்க முடியல" என்றாள், கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி.

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா... அன்னைக்கே உங்களைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சவங்களே என்னை வெறும் நம்பராப் பார்க்கிறாங்களேன்னுதான் அவ்வளவு கோபம். உங்களைப் பத்தி அக்காகிட்ட இன்னைக்குச் சொல்லிடப் போறேன். உங்களுக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதல்ல உட்காருங்க. எப்படிப் படபடன்னு அடிச்சுக்குது நெஞ்சு..."

அவன் உட்கார்ந்தான். பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியைப் போட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்" என்றாள், மெல்ல.