தெரியுதா, சார்?

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி, ஹெலன் வீட்டு வாசலில் பூவராகவன் வண்டியை நிறுத்தியபோது பிற்பகல் மூன்றே முக்கால். இரும்பு ஆலையில் இருபது வருஷ சூப்பர்வைசர். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ‘என் கணவருக்கு விபத்து ரோட்டில்தான் நடந்தது’ என்று டைப் அடித்திருந்த அதில் ஹெலன் கையெழுத்துப் போட்டால் போதும், நாளைய விசாரணையில் அவர் தப்பித்துவிடலாம். போடாவிட்டால் ஜெயில்தான்.

உண்மையில் அவள் புருஷன் லோகு விழுந்தது ஆலைக்குள், கிரேன் ஏணியிலிருந்து. “கழுத்து இன்னாமோ ஆயிப்போச்சு. தூக்காதீங்க சார்” என்று கெஞ்சினான். பூவராகவன் காதில் அது ஏறவில்லை. உள்ளே விழுந்தால் கேஸ், வெளியே விழுந்தால் தலையெழுத்து என்பது அவர் கணக்கு. கக்கத்தில் கைகொடுத்து, தலை தொங்கத் தொங்க ஆலை கேட்டுக்கு வெளியே இழுத்துப்போய், அவனுடைய பைக் பக்கத்திலேயே கிடத்தினார். அசைக்காமல் பலகையில் வைத்துத் தூக்கியிருந்தால் கையாவது பிழைத்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் பதினாலு மாதம் கிடந்தான் லோகு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, மூத்திரக் குழாயைப் பார்ப்பது, இருமக்கூட முடியாதவனுக்கு வயிற்றை அழுத்திச் சளியை வெளியேற்றுவது என்று எல்லாவற்றையும் ஹெலன் கற்றுக்கொண்டாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. கடைசியில் நெஞ்சுச் சளிதான் அவனைக் கொண்டுபோனது. அது நடந்து நாற்பது நாள்.

“குந்துங்க சார். டீ போட்டு எடுத்தாறேன்” என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவர் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் லோகுவின் கட்டில். அறையில் பவுடரும் டெட்டாலும் கலந்த வாடை. கட்டிலில் விரித்திருந்த காற்று மெத்தையின் மோட்டார் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தாள்.

நான்கு மணிக்கு அலாரம் அடித்தது. ஹெலன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெறும் கட்டிலில் கைகளை நுழைத்து, யாரையோ பக்குவமாக ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்தாள்.

“இன்னாம்மா பண்ற?”

“மணி நாலாச்சே சார். திருப்பி வுடலைன்னா புண்ணு வந்துடும்.”

“ஹெலன், அவன் பூட்டாம்மா.”

“தெரியும் சார். ஆனா கூப்புட்றாரே.”

பூவராகவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். பைத்தியத்தின் சாட்சியை எவன் மதிக்கப்போகிறான்? அவள் மறுபடி அடுப்படிக்குள் போனாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம்.

மோட்டார் ஓடியது. ஒயர் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

டெட்டால் வாடைக்கு மேல் கிரேன் கிரீஸ் வாடை ஏறியது. மெத்தையில் ஓர் ஆள் அளவுக்கு இருந்த பள்ளம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழும்பிச் சமமானது. படுத்திருந்தவர் எழுந்தால் அப்படித்தான் எழும்பும்.

கால் கட்டைவிரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

“தெரியுதா, சார்?”

அந்தக் கேள்வி அவருக்குத் தெரியும். வார்டில் டாக்டர் ஊசியால் ஒவ்வொரு இடமாகக் குத்தி அதைத்தான் கேட்டார். “இல்ல” “இல்ல” என்று லோகு அழுதபோது பக்கத்தில் துக்க முகத்தோடு நின்றவர் இவர்தான்.

அடுத்த குத்து கணுக்காலில். தெரியவில்லை.

முட்டி. தெரியவில்லை.

எழப் பார்த்தார். இடுப்பு யாருடையதோ போலிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. ஹெலனைக் கூப்பிட வாயைத் திறந்தால் மூச்சு நெஞ்சில் ஏறாமல் வயிற்றோடு நின்றது.

பிறகு அவருடைய சட்டை கக்கத்தில் கசங்கி மேலேறியது. பிடித்தது தெரியவில்லை, உடம்பு எழும்புவதுதான் தெரிந்தது. தலை பின்னால் சாய்ந்து தொங்கியது.

“லோகு... கழுத்து... தூக்காதடா...” முனகல்தான் வந்தது.

“நானும் அதத்தான் சார் சொன்னேன்.”

பதினாலு மாதம் அசையாத கைகள் இப்போது நன்றாக அசைந்தன.

ஹெலன் டீயோடு வந்தபோது நாற்காலி காலி. அவர் ரோட்டில், தன் வண்டிக்குப் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தார். கூட்டம் கூடி, ஆளுக்கொரு கை பிடிக்கப் போனது.

“யாரும் தொடாதீங்க! கழுத்து ஆடக்கூடாது. பலகை எடுத்தாங்க” என்று கத்தினாள். அவர் தலையை இரு கைகளாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவளை அண்ணாந்து பார்த்து அழுதார். “ஊட்டுக்குள்ளதாம்மா நடந்துச்சு... நீ சொல்லும்மா...”

“இன்னா சார் சொல்றீங்க?” என்றாள் நிதானமாக. “ரோட்டுலதான கெடந்தீங்க?”

போலீசும் ரோடு விபத்து என்றுதான் எழுதிக்கொண்டது. மறுநாள் விசாரணையில் ஹெலன், கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவளைப் பைத்தியம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் பூவராகவனைத் திருப்ப நர்ஸ் ஸ்நேகா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறாள். ஒவ்வொரு முறையும், தலை கட்டிலுக்கு வெளியே தொங்க, தலைமாட்டுப் பக்கம் இழுபட்டுக் கிடக்கிறார்.

“யாரு சார் உங்கள இப்டி இஸ்த்துப் போட்டது?” என்று கேட்டுக்கொண்டே அவர் கக்கத்தைத் துடைக்கிறாள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து கிரீஸ் விரல் தடங்கள். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் போய்விடுகின்றன.

அடுத்த முறை வரும்போது ஈரம் காயாமல் இருக்கின்றன.