பதினேழு வெள்ளை வில்லைகள்

மரகதவல்லி தன் இருப்புவில்லையைக் கதவிலிருந்து கழற்றித் தோசைக்கல்லில் வைத்தாள். ஓரத்திலிருந்து நீலம் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் சுண்ணாம்பு போலாயிற்று. இடுக்கியால் எடுத்து மீண்டும் கதவில் மாட்டினாள். மூச்சு படாதிருக்க உள்ளறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள்.

வெயில் ஆளைக் கொல்லத் தொடங்கியபின் கோவில்பட்டி வீடுகள் எல்லாம் அடைக்கப்பட்டு, குழாய் வழியே உலர்காற்று வந்தது. அதில் ஈரமென்று ஒன்றிருந்தால் அது மனித மூச்சுதான். வில்லை கதவின் உட்புறம் இருக்கும்; கண்ணாடி வழியே வெளியிலும் தெரியும். அதிலுள்ள மயில்துத்தம் என்ற தாமிர உப்பு அந்த ஈரத்தைக் குடித்து நீலமாயிருக்கும். மூச்சு நின்றால் அடியிலுள்ள சூடேற்றி அதை வெளுக்க வைக்கும். தனியாக இருப்பவர் கதவு வெளுத்தால் ஆள் வருவார். நீலமாயிருக்கும்வரை ஒருவரும் வரமாட்டார். மகன்கூடக் கைபேசிக்கு வரும் வில்லையின் படத்தைப் பார்த்துவிட்டு, ‘நல்லாருக்கீங்க போலம்மா’ என்று செய்தி அனுப்புவதோடு சரி.

இருபதாவது நிமிடம் மூச்சுக்காப்புப் பிரிவு இசக்கிராஜ் ஆளைத் தூக்கிப்போகும் மடக்குக் கட்டிலோடு வந்து நின்றான்.

“பெரியம்மா, இந்த மாசம் நாலாவது தடவ சாவுறீங்க.”

“காப்பி ஆறுது, எடுய்யா.”

“நேத்து இந்த அடுக்குமாடில பதினேழு வெள்ளை. பதினேழு வீட்டுலயும் காப்பி. வயிறு காந்துது.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்காமல் பையிலிருந்து புது வில்லை ஒன்றை எடுத்தான். “மேல கண்டுபிடிச்சிட்டாங்க. இனி வேற உப்பு.”

வெள்ளைத் தூள், அடியில் நீல லிட்மஸ் தாள். கல்லூரி வேதியியல் கூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவளுக்கு அது போதும்.

“அலுமினியம் குளோரைடா?”

“அந்தப் பேருதான்னு நெனைக்கேன்.”

மயில்துத்தத்துக்குத் தண்ணீர் விருந்தாளி; சூடு காட்டினால் எழுந்து போய்விடும். இந்த உப்போ தண்ணீர் பட்டதும் வேறு பொருளாகிவிடும். அமிலம் கக்கித் தாளைச் சிவக்க வைக்கும்; சிவப்பென்றால் உள்ளே ஆள் உண்டு. எந்த அடுப்பில் வைத்தாலும் பழைய உப்பு திரும்பாது.

“ஒரு தடவ செவந்தா செவந்ததுதான?”

“அதான் வேணும்ங்காங்க. பொய் வெள்ளை வராதாம்.”

“நெச வெள்ளையும் வராதேய்யா. நான் செத்தா?”

அவன் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். “எழுதிப் போட்டிருக்கேன். பதில் வரல.”

“எதுத்த வீட்டு ராயப்பன் சாருக்கு?”

“மொதல்ல அவருக்குத்தான் மாட்டுனோம், போன திங்கக்கெழம. தெனம் ரெண்டு தடவ வெளுக்க வச்சா விடுவாங்களா?”

“அதுக்கப்புறம் அவரப் பாத்தியா?”

“கூப்புட்டாத்தான பெரியம்மா போக முடியும்?”

அவன் போனபின் அவள் டம்ளர்களைக் கழுவி முடிப்பதற்குள் வில்லையின் தாள் சிவந்துவிட்டது. பிறகு கதவைத் திறந்து வெளிநடைக்கு வந்தாள். அனல் முகத்தில் அறைந்தது.

இங்கே குடிவந்த ஒன்பது வருடத்தில் எதிர்வீட்டுக் கதவை அவள் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. நீலமாயிருக்கும் கதவை எதற்குத் தட்டுவது என்று அவளும்தான் இருந்துவிட்டாள்.

“சார்” என்று கூப்பிட்டுத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

உள்ளே ஆள் இருப்பதாக வில்லை நல்ல சிவப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.